சாவா மூவாப் பேராடு

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். போன ஞாயிறு நீ போனில் கேட்டது மனசிலேயே நிற்கிறது. "செல்போனில் படம் எடுத்தால் போச்சு, இந்த வயசில் ஏணியில் ஏறி ஏன்பா கல்வெட்டு மேல தாள் ஒட்டிக்கிட்டு இருக்கீங்க?" என்றாய். பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

படமும் எடுக்கிறோம் கண்ணு. ஆனால் தேய்ந்த எழுத்தில் படம் ஏமாற்றிவிடும். வெயில் ஒரு பக்கம் சாய்ந்தால் 'க' மாதிரி இருப்பது, இன்னொரு பக்கம் சாய்ந்தால் 'த' ஆகிவிடும். தாள் அப்படியில்லை. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை விரித்து, பிரஷ்ஷால் தட்டத் தட்ட அது எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். ஈரம் அரைகுறையாகக் காய்ந்ததும் மை ஒற்றினால் கல்லின் மேடு கறுக்கும், எழுத்து வெள்ளையாக எழும். அந்த நிமிஷத்துக்காக எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏணி ஏறுவேன்.

நீ பத்தாவது படித்தபோது ஆண்டு விழாவுக்கு நான் வரவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீ. அன்று காவிரிக் கரையில் ஒரு சின்னச் சிவன் கோயிலில் இருந்தேன். தெற்குச் சுவரில் ஒரு சோழர் காலக் கல்வெட்டு. ஒரு பெண், அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்று எரிக்க 96 ஆடு கொடுத்திருக்கிறாள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று வெட்டியிருந்தது. ஆடு சாகாதா, கிழடாகாதா? ஆகும். செத்ததற்கு ஈடாகக் குட்டிகளை வளர்த்து, கணக்கு 96-க்குக் குறையாமல் பார்ப்பது இடையரின் பொறுப்பு. அவருக்குப் பின் அவர் மக்கள் பொறுப்பு. சந்திரனும் சூரியனும் உள்ளவரை என்று ஒரு ஊரே சாட்சியாக நின்று கொடுத்த வாக்கு அது.

சில வருஷம் கழித்துத் திருப்பணி நடந்தது. யாரும் எங்களைக் கேட்கவில்லை. சுவரைப் 'பளிச்'சென்று ஆக்க மணலைப் பீய்ச்சி அடித்துவிட்டார்கள். நான் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணின் பேர் இன்று இருப்பது நான் அன்று தாளில் மை ஒற்றி எடுத்த மைப்படியில் மட்டும்தான். உன் விழாவுக்கு வராததற்கு இது சமாதானம் ஆகாது, தெரியும். ஆனாலும் உன்னிடம் சொல்லவேண்டும் என்று வெகுநாளாக இருந்தது.

முதுநிலைக் கல்வெட்டாய்வாளர் ஆன பிறகு என் வேலை பாதி கோப்புதான். திருப்பணி மதிப்பீடு வந்தால் நேரில் போய் எந்தக் கல்லைத் தொடக்கூடாது என்று எழுத வேண்டும். பிரித்தே ஆகவேண்டிய சுவர் என்றால் ஒவ்வொரு கல்லுக்கும் எண் போடச் சொல்லி நிற்பேன். எண் மாறினால் ஒரு ராஜாவின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி இன்னொருவர் நிலதானத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதற்காகப் பலரிடம் கெட்ட பேர் வாங்கியிருக்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தான் கொடுத்ததோடு நிற்கவில்லை. அக்கா கொடுத்தது, பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் 'கல்லில் வெட்டுக' என்றான். படி எடுத்த கல்வெட்டுகளைப் பட்டியலிடும் கல்வெட்டு ஆண்டறிக்கை 1887-லிருந்து வருகிறது. எனக்கு முன்னே எத்தனையோ பேர் மாட்டுவண்டியில் போய்ப் படி எடுத்தார்கள். அவர்கள் வேலையைத்தான் நானும் பார்த்தேன். கணக்கு குறையவில்லை என்று நினைக்கிறேன்.

மாசிக் கடைசியில் ஓய்வு. அதற்கு முன்னால் மலையடிவாரத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு பாக்கி இருக்கிறது. பொங்கலுக்கு நீ வருகிறாய் அல்லவா, ஒரு நாள் என்னோடு வா. சின்ன வயசில் பிடிப்பாயே, அதுபோல் தாளின் மேல்முனையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

அன்புடன்,
அப்பா