சாயங்கால ஆச்சி

அன்பு மகளுக்கு,

நேற்று போனில் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாய். உன் பிரசவத்தைக் கவனிக்கும் மிட்வைஃப் கொடுத்த படிவத்தில் ‘குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் போட்டுவிட்டாயாம். உன்மேல் தப்பில்லை, நீ பார்த்த ஆச்சி எப்போதும் சிரிப்பும் கலகலப்புமாக இருந்தவள். ஆனால் அந்த டிக்கை மாற்ற வேண்டும். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

ஆச்சிக்கு மனச்சோர்வு இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிக் கடைசிவரை கூடவே வந்தது. டாக்டர்கள் இதை டிஸ்தைமியா என்பார்கள். பெரியவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல், பெரும்பாலான நாட்களில் விடாமல் இருந்தால் அந்தப் பெயர். உள்காய்ச்சல் மாதிரி. ஆள் நடமாடும், சமைக்கும், கேலி பேசும். அதன்மேல் அவ்வப்போது பெரிய சோர்வு ஒன்று வந்து ஏறி மாசக்கணக்கில் நிற்கும். ஆச்சிக்கு அப்படி நாலு தடவை. முதல் தடவை, சித்தி பிறந்த ஆறாம் வாரத்தில்.

அப்படியானால் அந்தச் சிரிப்பெல்லாம் நடிப்பா என்று கேட்பாய். இல்லை. இந்த நோய்க்குப் பலரிடம் ஒரு கடிகாரம் உண்டு. விடியக்காலை மூன்று மணிவாக்கில் முழிப்புத் தட்டும், அப்புறம் கண்ணை மூடினாலும் தூக்கம் வராது. காலைப்பொழுதுதான் மோசம், வெயில் சாயச் சாய மனசு இளகும். ஆச்சி மூன்றரைக்கே வாசல் தெளித்துக் கோலம் போட்டதைத் தெருவே சுறுசுறுப்பு என்று மெச்சியது. பத்து மணிவரை அவள் வாயில் ஒரு சொல் வராது. காப்பி ஆடை படிந்து அப்படியே இருக்கும். நாலு மணிக்கு மேல்தான் ஆள் வருவாள். நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தது நாலரைக்கு, விருந்தாள் வந்ததும் அந்த நேரத்தில்தான். எல்லாரும் பார்த்தது சாயங்கால ஆச்சியை.

பல்லாங்குழி ஞாபகம் இருக்கா? பதினாலு குழி, குழிக்கு அஞ்சு, மொத்தம் எழுபது புளியங்கொட்டை. நல்ல நாளில் கையில் அள்ளும்போதே கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும் என்று சொல்லிவிடுவாள். ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் ‘பசு!’ என்று கத்தி, உன் பக்கத்துப் பசுவையும் சேர்த்து வாரிக்கொள்வாள். மோசமான மாசங்களில் மூணாவது குழியிலேயே கை நிற்கும். ‘எத்தனை போட்டேன்?’ என்பாள். வயசாகிறது என்றோம். அப்போது அவளுக்கு 58. கவனம் நிற்காமல் போவதும் இந்த நோயின் அடையாளம்.

மேலே ஏறும் அந்தப் பெரிய சோர்வுக்கு டாக்டர்கள் பார்க்கும் அடையாளங்கள் மொத்தம் ஒன்பது: மனம் வாடிக் கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தூக்கம், பசி, அசதி, உடல் மந்தமாவது அல்லது இருப்புக்கொள்ளாமல் தவிப்பது, ‘எல்லாம் என்னாலதான்’ என்ற குற்ற உணர்வு, கவனக்குறைவு, சாவு பற்றிய நினைப்பு. இதில் ஐந்து, இரண்டு வாரம் தொடர்ந்து இருக்க வேண்டும். முதல் இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் ஆச்சி ஒருநாளும் ‘வருத்தமா இருக்கு’ என்று சொன்னதில்லை. ‘கைகால் குடையுது, நெஞ்சுக்குள்ள படபடங்குது, உச்சந்தலை எரியுது’ என்பாள். போன இடமெல்லாம் கைகாலுக்கும் நெஞ்சுக்கும்தான் பார்த்தார்கள். ஈ.சி.ஜி. நார்மல், ஸ்கேன் நார்மல், இடுப்பில் ஒரு பி காம்ப்ளெக்ஸ் ஊசி. ரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் இதே வேஷம் போடும் என்பதால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டுக்கான டி.எஸ்.எச்.சும் பார்ப்பதுதான் முதல் வேலை. அதை யாரும் செய்யவில்லை. பதிலுக்குத் தூங்குவதற்கு அல்பிரசோலாம் கொடுத்தார்கள், வருஷக்கணக்கில். அது சில வாரங்களுக்கான மருந்து. உடம்பு பழகிவிட்டால் அதே அளவில் தூக்கம் வராது, சட்டென்று நிறுத்தினால் நடுக்கமும் சிலருக்கு வலிப்பும் வரும். வயசானவர்கள் தள்ளாடி விழுவார்கள். ஆச்சி குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது அந்தக் காலத்தில்தான்.

மனநல டாக்டர் என்றாலே வீட்டில் பயம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு கட்டிக் கிடந்தவர்கள் 28 பேர் தீயில் இறந்தார்கள் அல்லவா, அந்தப் பேப்பரை ஆச்சி மடித்து வைத்திருந்தாள். பிறகு அந்தப் பேச்சை யார் எடுக்க முடியும்?

‘எமன் என் அட்ரஸைத் தொலைச்சிட்டான் போல’ என்பாள், எல்லாரும் சிரிப்போம். 66 வயதில் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒருவழியாக வந்தபோது, அங்கிருந்த டாக்டர்தான் முதல்முறையாக நேராகக் கேட்டார்: ‘சாகணும்னு தோணுதாம்மா?’ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘விடியக்காலைல மட்டும்’ என்றாள். கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, கேட்டால்தான் வெளியே வரும்.

எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையை 5 மி.கி.யில் தொடங்கி இரண்டு வாரம் கழித்து 10 ஆக்கினார். 65 வயதுக்கு மேல் 10-தான் உச்சம். இந்த மாத்திரையில் கெடுதல் முதலில் வரும், நல்லது பிறகுதான் வரும். முதல் பத்து நாள் குமட்டல், படபடப்பு. பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம், சரியாகக் கணிக்க ஆறிலிருந்து எட்டு வாரம். ‘ஒத்துக்கலை’ என்று பலர் நிறுத்துவது இடையில் உள்ள அந்த இரண்டாம் வாரத்தில். வயசானவர்களில் சிலருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கும். ஆள் மந்தமாகக் குழம்பிப் பேசினால் உடனே ரத்தம் பார்க்கணும். ஆச்சி அந்த மாத்திரை அட்டையை அஞ்சறைப்பெட்டித் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்து, கேட்டவர்களிடம் ‘பிபி மாத்திரை’ என்றாள். எட்டாம் மாசம் ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று தானே நிறுத்தினாள். மூன்றாம் நாளே கிறுகிறுப்பு, ‘தலைக்குள்ள கரண்டு அடிக்குது’ என்றாள். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு வருஷமாவது தொடரணும், குறைப்பதும் படிப்படியாகத்தான்.

இனி உன் விஷயம். ஆச்சிக்கு வந்தது உனக்கும் வரும் என்று அர்த்தமில்லை, வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பிரசவத்துக்கு மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வரும். அது பெரும்பாலானவர்களுக்கு வருவது, இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் உன் குடும்ப டாக்டரிடம், அந்த ஜி.பி.யிடம் போ. ஒரு நல்ல சோதனை உண்டு: குழந்தை தூங்குகிறது, பார்த்துக்கொள்ள மாப்பிள்ளை இருக்கிறார், அப்போதும் உனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் கவனி. மருந்து தேவைப்பட்டால் செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகத்தான் போகும், அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு முதல் இரண்டு வாரத்திலேயே தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாத பேச்சும் சந்தேகமுமாக வரும். அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி. இதை மாப்பிள்ளையைப் படிக்கச் சொல், அந்த நிலையில் உனக்குத் தெரியாது.

பைபோலார், அதாவது சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய், உண்டா என்றும் கேட்பார்கள். ஆச்சியின் கலகலப்பைச் சொன்னால் அவர்களுக்கே சந்தேகம் வரும். அந்த நோயில் பித்தேறிய உற்சாகம் நாள்கணக்கில் நிற்கும், தூங்காமலே களைப்பு தெரியாது, பணம் கண்டபடி கரையும். ஆச்சி ராத்திரி ஒன்பதுக்கு அசந்து படுத்துவிடுவாள், பத்து ரூபாய்க்குக் கணக்கு எழுதுவாள். ஆகவே இல்லை.

படிவத்தில் இப்படி எழுது: ‘தாய்வழிப் பாட்டிக்கு நீண்டகால மனச்சோர்வு. ஒருமுறை பிரசவத்துக்குப் பின் கடுமையாக வந்தது. எஸ்சிடலோபிராம் 10 மி.கி. கேட்டது. பைபோலார் இல்லை. தாய்க்கு இல்லை.’ அவர்கள் மொழியில் மாற்றிக்கொள்.

பல்லாங்குழி கேட்டாயே, பார்சலில் வருகிறது. விதை எதையும் அங்கே கஸ்டம்ஸில் விடமாட்டார்களாம், அதனால் சோழி எழுபது எண்ணிப் போட்டிருக்கிறேன். வியாழக்கிழமை மிட்வைஃபைப் பார்த்துவிட்டு, மாற்றியாச்சு என்று ஒரு மெசேஜ் போடு.

அம்மா