மக்களே, தூங்குகிறாயா?

மக்களே,

இங்கே ஆனிக் காற்று தொடங்கிவிட்டது. முப்பந்தல் பக்கம் காற்றாலை எல்லாம் ராப்பகலாகச் சுற்றுகிறது. மாடியில் காயப்போட்ட அம்மை சேலை பறந்துபோய் பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்கியது. அவள் முட்டுவலி பரவாயில்லை. அண்ணன் பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது. சரி, நீ சரியாகத் தூங்குகிறாயா?

மதியம் பன்னிரண்டரைக்கு நான் சாப்பிட உட்காரும்போது வாட்ஸ்அப்பில் நீ ஆன்லைனில் இருப்பதாகக் காட்டுகிறது. டொரன்டோவில் அப்போது ராத்திரி மூணு மணி. இப்படி முழித்தால் உடம்பு எத்தனை நாள் தாங்கும்? போனில் கேட்டால் "நல்லாயிருக்கேன்ப்பா, அம்மைட்ட குடுங்க" என்று முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். 34 வருஷம் ஊரார் கடிதத்தைச் சுமந்திருக்கிறேன், சொந்தப் பிள்ளைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுப்போன டேப்லெட்டைத் திறந்தேன். கரண்டு பில் கட்டத்தான் திறந்தேன், ஆனால் மூடாமல் உட்கார்ந்து படித்தது என் தப்புதான். தோள்பட்டைக்குப் பின்னால் இல்லாத சிறகு கனக்கிறது, பனி நாளில் மடக்கி வைக்க இடம் கிடைக்காத மாதிரி வலிக்கிறது என்று, தங்களையும் மனுசரில்லை என்று உணர்கிற இணையக் குழு ஆட்களுக்கு எழுதியிருந்தாய். எனக்கும் அப்படித்தான், குப்புறப் படுத்துப் பார் என்று ஒரு பெண் பதில் போட்டிருந்தாள். மூணு வருஷமாக அவர்களிடம் சொல்கிறாய். எங்களுக்குக் குளிரும் பஸ்ஸும் வேலையும் மட்டும்தான்.

அப்புறம் நானும் தேடிப் படித்தேன். அண்ணனிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1970-களிலேயே சிலர் நாங்கள் எல்ஃப் இனம், காட்டுத் தேவதைகள் என்று கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். யாரோ ஒரு தபால்காரன் அதையும் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுத்திருப்பான் இல்லையா. 1990-ல் மின்னஞ்சல் வழியாகக் கூடியவர்களிடம் 'நான் எல்ஃப் இல்லை, மனுசனும் இல்லை' என்று வேறு ஆட்களும் வந்து சேர, எல்லோருக்கும் பொதுவாக அதர்கின் என்ற பெயர் வந்ததாம். உள்ளுக்குள் ஓநாயாக, பூனையாக உணர்கிறவர்கள் தேரியன். முன்பிறவி என்கிறவர்களும் உண்டு, மனசின் அமைப்பே அப்படி என்கிறவர்களும் உண்டு. ஆனால் பெரும்பாலோர் உடம்பு மனுச உடம்புதான் என்று தெளிவாகச் சொல்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

யாரிடம் சொல்வது என்று அழுத ஒரு பையனுக்கு நீ எழுதிய பதிலையும் பார்த்தேன். முதலில் சாப்பிடு, தண்ணி குடி, அப்புறம் பேசலாம். அப்படியே உன் ஆச்சி பேச்சு. படித்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு பெருமை. ஊரான் பிள்ளையைச் சாப்பிடச் சொல்லத் தெரிந்த உனக்கு, நேரத்துக்குப் படுக்கத் தெரியாதா? அங்கே யாராவது காசு கேட்டால் கொடுக்காதே. வீட்டாரை விட்டுவிட்டு வா என்று சொல்கிறவன் எந்தக் கூட்டத்திலும் நல்லவன் இல்லை. தூங்கு மக்களே.

நம் வீட்டுக்கு இது புதுசா? தாத்தா சுடலைமாடனுக்குக் கோமரத்தாடி, சாமி வந்து ஆடுகிறவர். கோயில் கொடைத் திருவிழாவில் பந்தம் பிடித்து நடுராத்திரி சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போய்த் திரும்பும்போது, என்னைப் பெத்த அப்பன் காலில் மாடன் என்று விழுந்து திருநீறு வாங்கியிருக்கிறேன். உன்னுடையது அது மாதிரி இல்லை என்று தெரியும். மாடன் வந்து போய்விடுவான், விடிந்தால் தாத்தா டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். நீ பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்கிறாய்.

அத்தை ஏன் வலது காலில் கொலுசு போடுவதில்லை என்று சின்னதில் கேட்பாய், அம்மை பேச்சை மாற்றிவிடுவாள். 2001 தை மாசம் அவள் அடுக்களையில் நின்று "நான் இசக்கியம்மன், எனக்கு இந்த வீட்டுல என்ன வேலை" என்றாள். அன்றைக்குக் கொடையும் இல்லை மேளமும் இல்லை, சொன்னது ஒரு பொம்பளை. ஒரு இடத்தில் கொண்டுபோய் விட்டோம். பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனது நான். அங்கே சங்கிலியைப் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதே வருஷம் ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். பேப்பரில் பார்த்ததும் தபால் பையை ஆபீசிலேயே போட்டுவிட்டு ஓடினேன். அவள் இருந்தது வேறு ஊர். உயிரோடு இருந்தாள், என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது, ஒரு கார்டுகூடப் போடாமல் இருந்திருக்கிறேன் நான், தபால்காரன்.

ஒன்பது வயதில் நீ பொத்தைக் குன்று மேல் நின்று "அப்பா, நான் மனுசப்பிள்ளை இல்ல, இந்தக் காத்துல இருந்து வந்தேன்" என்று சிரித்தாய். எனக்கு அத்தை முகம்தான் தெரிந்தது. கன்னத்தில் அடித்தேன். மறுநாள் தாயத்துக் கட்டினேன். நீ அழவில்லை, கையை நீட்டிக்கொண்டு நின்றாய். அதற்கப்புறம் என்னிடம் எதையும் சொன்னதில்லை. ராத்திரி மூணு மணிக்கு முகம் தெரியாதவர்களைத் தேடிச் சொல்ல வேண்டி வந்தது என்னால்தான்.

அவர்களை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். மனசு ரொம்ப ஒடிந்தால், தூக்கமே வராவிட்டால் அங்கேயே டாக்டரைப் பார். இங்கே வந்தால் யாரும் உன்னை எங்கும் கொண்டுபோய் விட நான் சம்மதிக்க மாட்டேன், அத்தை மேல் சத்தியம். டேப்லெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன், இனித் திறக்க மாட்டேன். அம்மைக்கு ஒன்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் கூப்பிடு. காற்று அடிக்கும்போது அந்தச் சிறகு கனக்கிறதா, லேசாகிறதா? எனக்குச் சொல்லு.

அப்பா