தூண்களுக்கு முன்னால் படித்தவரை நிறுத்துங்கள்: தமிழ்த் தொலைக்காட்சிகளுக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்த் தொலைக்காட்சிகளின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். மதுரையில் கலை வரலாறு படித்துவிட்டு, இப்போது ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. கோயில், குகை, சிற்பம், ஓவியம் பற்றி நிகழ்ச்சி எடுக்கும்போது, அதைப் படித்தவரையே தொகுத்து வழங்கச் சொல்லுங்கள். எழுதுவதும் அவராக இருக்கட்டும், இடத்துக்கு வந்து நின்று பேசுவதும் அவராக இருக்கட்டும். அதைச் சம்பளமுள்ள ஒரு தொழிலாக அவருக்குக் கொடுங்கள்.

இப்போது நடப்பது வேறு. சில வருடங்களுக்கு முன் ஒரு சேனலிலிருந்து, மீனாட்சி கோயிலுக்கு எதிரே உள்ள புது மண்டபத்தைப் படம் எடுக்க வந்தார்கள். எனக்குத் தெரிந்த மூத்த ஆய்வாளர் ஒருவரை அழைத்துப் போனேன். காலையில் தொடங்கி மதியம் வரை ஒவ்வொரு தூணாக நின்று பேசினார். ஒளிபரப்பானபோது அவர் வந்தது ஒரே ஒரு பைட், சில நொடிப் பேச்சு. மற்றதெல்லாம் ட்ரோன் ஷாட், அதிரும் இசை, ஸ்டூடியோவில் யாரோ படித்த பின்னணிக் குரல். திருமலை நாயக்கரின் அரசி சிலையில் தொடைப் பக்கம் சில்லு பெயர்ந்தது, அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் 'அரசிக்கு அங்கே மச்சம் உண்டு, அப்படியே விடு' என்றது, அது அவருக்கு எப்படித் தெரியும் என்று ராஜாவுக்குச் சந்தேகம் வந்தது, தீட்சிதர் தன் கண்ணையே அவித்துக்கொண்டது என்று அந்தக் கர்ணபரம்பரைக் கதையே நிகழ்ச்சியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. கதை நல்ல கதை, மதுரைக்காரர்கள் சொல்லிச் சொல்லி வளர்ந்தது. அது இருக்கட்டும். ஆனால் வெட்டி எறியப்பட்டது என்ன என்று பாருங்கள்.

அந்த மண்டபத்தின் நடுவில், விசுவநாத நாயக்கரிலிருந்து திருமலை வரை பத்து நாயக்கர்கள் தூண்களில் கைகூப்பி நிற்கிறார்கள். வசந்த விழாவுக்கு மீனாட்சியும் சொக்கநாதரும் அங்கே எழுந்தருளும்போது, அந்த வம்சமே இரண்டு பக்கமும் நின்று கும்பிடும். விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக இங்கே வந்த குடும்பம், 'இனி மதுரையின் அரசர்கள் நாங்கள்' என்று கல்லில் எழுதிக்கொண்ட இடம் அது. திருமலையின் உருவத்தைப் பாருங்கள், தொந்தி தெரியும். அழகுக்காக அதைக் குறைத்துவிடலாம் என்று சிற்பிக்குத் தோன்றவில்லை. கடவுளுக்கு ஒரு இலக்கணம், ராஜாவுக்கு ஒரு முகம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆய்வாளர் இதைச் சொன்னபோது கேமராவைப் பிடித்திருந்த தம்பி, ஷூட்டிங்கை மறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டுகிற அறையில் இருந்தவருக்கு மட்டும் அது 'பாடம் மாதிரி' இருந்ததாம்.

பாடம் மாதிரி இருந்தால் ஜனங்கள் பார்ப்பார்களா என்பது உங்கள் கவலை. இங்கிலாந்தில் கென்னத் கிளார்க் என்று ஒருவர் இருந்தார். 1903-ல் பிறந்தவர், முப்பது வயதில் லண்டன் நேஷனல் கேலரிக்கு இயக்குநர். இரண்டாம் உலகப் போரில் ஓவியங்களை வேல்ஸ் மலைச் சுரங்கத்துக்கு அனுப்பிக் காப்பாற்றியது அவர் காலத்தில்தான். பிறகு 1954-ல் அந்த நாட்டின் வணிகத் தொலைக்காட்சியை மேற்பார்க்கும் அமைப்புக்கு முதல் தலைவரானார். அப்புறம் தானே கேமரா முன்னால் வந்தார். முதல் தொடர் சோபிக்கவில்லை. சேனல் அவரை விட்டுவிடவில்லை. விளம்பரத்தில் ஓடும் தனியார் சேனல் அது என்பதைக் கவனியுங்கள். வருடக்கணக்காக அங்கே பேசிப் பழகிய பிறகுதான், பிபிசியின் இரண்டாவது சேனலைக் கவனித்துக்கொண்டிருந்த டேவிட் அட்டன்பரோ அவரை அழைத்தார். கலர் டிவி அப்போதுதான் வரவிருந்தது. கலரின் அருமையைக் காட்ட ஓவியத்தையும் கட்டடத்தையும் விட வேறென்ன வேண்டும் என்பது அட்டன்பரோவின் எண்ணம். 1966-ல் பேச்சு தொடங்கி 1969-ல் 'சிவிலைசேஷன்' பதின்மூன்று பகுதிகளாக வந்தபோது கிளார்க்குக்கு அறுபத்தைந்து வயது.

அந்தத் தொடரில் எனக்கு மனக்குறை உண்டு. மேற்கு ஐரோப்பாவைத் தாண்டி அவர் பார்க்கவே இல்லை. ஆனால் அதன் பிறகு நடந்தது எனக்குப் பிடிக்கும். 1972-ல் அதே பிபிசியில் கலை விமர்சகர் ஜான் பெர்ஜர் வந்து, ஓவியத்தை இப்படியும் பார்க்கலாம் என்று நான்கே பகுதிகளில் நேர் எதிராகப் பேசினார். ஒருவர் முகம் காட்டி, பெயர் போட்டு, தன் கருத்தைத் தன் கருத்தாகச் சொன்னால்தான் இன்னொருவர் மறுக்க முடியும். முகமில்லாத பின்னணிக் குரலை யார் மறுப்பது?

1990-களில் அதே பிபிசியில் சிஸ்டர் வெண்டி வந்தார். மடத்து வளாகத்தில் ஒரு கேரவனில் தனிமையில் வாழ்ந்த கன்னியாஸ்திரி. எழுதி வைத்துப் படிக்காமல், ஓவியத்தின் முன்னால் நின்று தோன்றியதைப் பேசியவர். அவரை நட்சத்திரமாக்கியது எந்த மேக்கப்பும் இல்லை, அவர் பார்த்த பார்வைதான்.

நம்மிடம் ஆள் இல்லையா? இங்கிருந்து கடத்தப்பட்ட பத்தூர் நடராசர் சிலை வழக்கில் லண்டன் நீதிமன்றத்தில் ஏறி, சோழர் செப்புத் திருமேனியைப் பற்றி அந்த ஊர் நீதிபதிக்குப் புரியும்படி சாட்சி சொன்னவர் இரா. நாகசாமி. சிலை 1991-ல் ஊர் திரும்பியது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் முதல் இயக்குநர் அவர், 2022-ல் மறைந்தார். சென்னைத் தொலைக்காட்சி 1975-ல் தொடங்கியது. அவர் இருந்த அத்தனை வருடங்களில், கிளார்க்குக்குக் கிடைத்ததில் பாதி வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

இன்று கலை வரலாறு படித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு என்ன வழி இருக்கிறது? கௌரவ விரிவுரையாளர் வேலை, சுற்றுலா வழிகாட்டி உரிமம், இல்லையென்றால் போட்டித் தேர்வு. சிலர் கைபேசியை வைத்துக்கொண்டு யூடியூபில் தாங்களே பேசுகிறார்கள். அவர்களில் அருமையானவர்கள் உண்டு. ஆனால் நல்ல விளக்கும், நல்ல ஒலியும், நூலகத்தில் உட்கார்ந்து படிக்க மூன்று மாத அவகாசமும் தனி ஆளால் முடியாது. அது உங்களால் முடியும்.

பார்க்க ஆள் வருமா என்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைக்கு வாருங்கள். யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் ஆக்கும் யோசனை 2010-ல் வந்தபோது ஊர் கூடி எதிர்த்தது. அந்தச் சூழலில்தான் எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னெடுத்த பசுமை நடை என்ற வரலாற்று நடைப்பயணம் பிறந்தது. குழந்தை குட்டிகளோடு மலையேறி, பாறையில் உட்கார்ந்து, தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் ஐயா சொல்வதை ஜனங்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். பின்னணி இசை கிடையாது. கீழக்குயில்குடியில் செட்டிப்புடவு என்ற சமணக் குகையின் வாசலில் இருக்கும் பெரிய தீர்த்தங்கரரை ஊர்க்காரர்கள் செட்டியார் என்பார்கள். குகைக்குள் குனிந்து போனால், சிங்கத்தின் மேல் அமர்ந்து யானைமேல் வருபவனோடு போரிடும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வத்தின் சிற்பம். அதைப் பார்த்துவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே ஒரு எபிசோடுக்குப் போதும்.

நரசிங்கத்தில் யானைமலை அடிவாரத்துக் குடைவரைக்கு ஒரு எபிசோடு கொடுங்கள். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி, 770-ல் அந்த நரசிங்கப் பெருமாள் கோயிலைக் குடைவித்தார். குடமுழுக்கைக் காணாமலே இறந்துபோனார். தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி, அண்ணன் தொடங்கியதை முடித்து வைத்தார். இதெல்லாம் அங்கேயே பாறையில் வட்டெழுத்து, கிரந்தம் என்ற பழைய எழுத்துகளில் இருக்கிறது. இதில் எதைக் கூட்டி நாடகமாக்க வேண்டும்? எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் விரலை வைத்து வாசித்துக் காட்டினால் போதும்.

2018 பிப்ரவரியில் மீனாட்சி கோயில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தபோது உங்கள் கேமராக்கள் எல்லாம் வந்தன. தீக்கு முன்பே வந்திருக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதலில் அரை மணி நேரமாக ஆறு எபிசோடு போதும். ஸ்கிரிப்டில் கடைசி வார்த்தை தொகுப்பவருடையதாக இருக்கட்டும். கர்ணபரம்பரையைக் கர்ணபரம்பரை என்றும், கல்வெட்டைக் கல்வெட்டு என்றும், 'இது இன்னும் முடிவாகவில்லை' என்பதை அப்படியேயும் சொல்ல அவரை விடுங்கள். அறநிலையத் துறை, தொல்லியல் துறை அனுமதிகளை நீங்களே வாங்குங்கள். தனி ஆளாக அலைந்தால் அதிலேயே ஒரு வருடம் போய்விடும். தொகுப்பவருக்கு எபிசோடு கணக்கில் சம்பளம் எழுதுங்கள். சால்வை வேண்டாம். முதல் தொடர் சரியாகப் போகாவிட்டாலும் இரண்டாவதைக் கொடுங்கள். வெட்டியது போக மீதிப் பதிவை அழிக்காமல், அந்த மாவட்டத்தில் உள்ள ஒரு கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். அன்று அந்த ஆய்வாளர் புது மண்டபத்தில் பேசியதைப் பிறகு கேட்டுப் பார்த்தேன். இடம் இல்லை என்று அழித்துவிட்டார்களாம்.

மார்கழி, தை மாதங்களில் வாருங்கள். வெயில் தாழ்ந்து இருக்கும், காலை வெளிச்சத்தில் பாறைச் சிற்பங்கள் நன்றாக எடுபடும். வழி காட்ட நாங்கள் இருக்கிறோம்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை