சரிவில் இறங்க மறுத்த மாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் பக்கம் மூன்று கறவை மாடுகள் வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றி வருகிறேன். போன தை மாதம் என் ஜெர்சிக் கலப்பு மாடு திடீரென்று தீவனம் எடுக்கவில்லை, பாலும் பாதியாகிவிட்டது. பார்க்க வந்த டாக்டர் காய்ச்சல் பார்த்து, வயிற்றைத் தட்டி, செரிமானக் கோளாறு என்று மருந்து கொடுத்தார். தொடக்கத்தில் அப்படித்தான் தெரியுமாம், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கட்டுத்தரையிலிருந்து ஏரிக்குத் தண்ணீர் காட்டப் போக ஒரு சரிவு இறங்க வேண்டும். கன்றிலிருந்தே முன்னால் ஓடி இறங்குகிற மாடு, அந்த வாரம் சரிவின் தலையிலேயே நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் முனகியது. மேட்டுப் பக்கம் திருப்பினால் பேசாமல் ஏறியது. நிற்கும்போது முதுகைக் கூனி, முன்னங்கால்களை அகட்டி நின்றது.

நாலு நாள் கழித்து வந்த டாக்டரம்மா முதலில் என்னிடம்தான் கேட்டார்: "வழக்கமா செய்யறதுல எதை விட்டிருக்குது?" சரிவைச் சொன்னேன். உடனே திமிலுக்குப் பின்னால் முதுகை அழுத்திப் பிடித்தார், மாடு முனகியது. கம்பி விழுங்கியிருக்கும் என்றார். மாடு தீவனத்தை அள்ளி விழுங்கிவிட்டு அப்புறம்தான் அசை போடும். கம்பியோ ஆணியோ உள்ளே போனால் கனத்தால் இரண்டாம் இரைப்பையில் தங்கிவிடும். அதற்கு முன்னால் வயிற்றையும் நெஞ்சையும் பிரிக்கிற உதரவிதானம், அதையும் தாண்டினால் இதயம். இறக்கத்தில் வயிற்றுப் பாரம் முன்னால் சரிவதால் குத்து அதிகமாகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள், விரல் நீளக் கட்டுக்கம்பி. பக்கத்தில் வீடு கட்டியபோது சோளத்தட்டில் விழுந்திருக்க வேண்டும். மாடு பிழைத்தது. அந்த நாலு நாள் வலியை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

வேற்றாள் கயிற்றைப் பிடித்தாலே மாடு மிரளும், நாடி கூடும், வலியையும் மறைக்கப் பார்க்கும். என் அப்பா வைத்திருந்த ஆலம்பாடி நாட்டு மாடுகள் புது ஆளைக் கண்டாலே சீறும். டாக்டர் வந்து நிற்கிற ஐந்து நிமிஷத்தில் அவர் பார்ப்பதில் பாதி மாட்டின் பயம்தான். மீதி நேரமெல்லாம் மாட்டைப் பார்ப்பது சாணி அள்ளுகிற எங்களைப் போன்ற பெண்கள்.

அதனால் கால்நடைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். அசை போடுகிறதா, கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறதா, படுக்கத் தயங்குகிறதா என்று எங்களைக் கேட்டுச் சிகிச்சைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஊர் முகாம்களில் ஊசி போட்ட பிறகு பத்து நிமிஷம் எங்களிடம் பேசச் சொல்லுங்கள். கன்று ஈன்ற மாடு தலையை விலாப்பக்கம் மடக்கிப் படுத்து, காது சில்லிட்டால் அது பால் காய்ச்சல் என்கிற கால்சியம் குறைவாக இருக்கலாம், உடனே டாக்டர் வந்து கால்சியம் ஏற்ற வேண்டும். இது எங்களில் பலருக்கு ஒரு மாட்டை இழந்த பிறகே தெரிந்தது. எச்சில் ஒழுக, குரல் மாறிக் கத்துகிற மாட்டுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று மாடு வைத்திருப்பவர்கள் வாய்க்குள் கையை விடுகிறார்கள். அது வெறிநாய்க் கடியால் வரும் வெறிநோயாகவும் இருக்கலாம், எச்சில் வழியாக நமக்கும் தொற்றலாம் என்று முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பால் ஊற்றும் ஒரு பெண்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்