அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அறுபதைக் கடந்த தன் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து தவிக்கும் ஒரு மகளின் கேள்வி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்திருந்தது. 'நோயின் பெயரைச் சொல்லிக் கலங்கடிக்க வேண்டாம், கட்டி என்று சொன்னால் போதும்' என்று அதற்குப் பதில் கொடுத்திருந்தீர்கள். அந்தப் பெண் அப்படியே செய்துவிடுவதற்குள் இதை அச்சில் போட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான், கடைசி டிரிப் முடிந்து வந்து கணக்கைக் கட்டிய கையோடு எழுதுகிறேன்.

நான் அரசுப் பஸ் நடத்துநர். ஊர் சங்கரன்கோவில். அம்மா நாற்பது வருடமாகப் பூக் கட்டுகிறார். 2016-இல் அவருடைய இடது மார்பை அகற்றினார்கள், அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தார்கள். அப்போது நாங்களும் கட்டி என்றுதான் சொன்னோம். அத்தைமார், சித்தப்பா, நான் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். மருத்துவரும் "அம்மாவைச் சற்று வெளியே உட்கார வையுங்கள்" என்று சொல்லிவிட்டு என்னிடம்தான் பேசினார். ஆறு தடவை மருந்து ஏற்ற வேண்டும், முடி கொட்டும் என்றார். முடி கொட்டினால் அம்மா யோசிப்பாரே என்று, பழைய வேண்டுதல் ஒன்று பாக்கி இருப்பதாகக் கதை கட்டித் திருச்செந்தூருக்கு அழைத்துப்போய் மொட்டை போட்டுவிட்டோம். அந்த யோசனை என்னுடையது. அன்று அதற்காகச் சொந்தக்காரர்கள் என்னைப் பாராட்டினார்கள்.

சிகிச்சை முடிந்ததும் லெட்ரோசோல் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்து, தினமும் ஒன்று, ஐந்து வருடம் என்றார்கள். அம்மாவுக்கு வந்தது ஹார்மோனின் தூண்டலால் வளரும் வகை. உடம்பில் எங்காவது தங்கிப்போன நோய் அணுக்களுக்கு அந்தத் தூண்டல் போய்ச் சேராமல் தடுப்பதுதான் மாத்திரையின் வேலை. இது எனக்குத் தெரியும். விழுங்க வேண்டியவருக்கு நாங்கள் சொன்னது 'சத்து மாத்திரை'. இரண்டு வருடம் சாப்பிட்டார். மூட்டு வலித்தது, அந்த மாத்திரைக்கு அப்படி வலிக்கும். கட்டிதான் போய்விட்டதே, சத்துக்கு எதற்கு மாத்திரை, கேழ்வரகுக் கூழ் போதாதா என்று நிறுத்திவிட்டார். நிறுத்தியது எனக்குத் தெரிந்து 'சாப்பிடம்மா' என்றேன். எதற்கு என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. விட்டுவிட்டேன்.

2023 ஆடி மாதம் இடுப்புக்குச் சற்று மேலே முதுகில் வலி தொடங்கியது. மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து பூக் கட்டுகிறவருக்கு முதுகு வலிப்பதில் என்ன அதிசயம்? தைலம் தேய்த்தார். சுளுக்கு வழிக்கிறவரிடம் போனார். மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கினார். எட்டு மாதம் இப்படியே போனது. இரவில் படுத்தால் வலி கூடுகிறது என்பதை என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். பழைய கட்டிக்கும் இந்த வலிக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அவருக்கு எப்படித் தோன்றும்? எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஐந்து வருடம் தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை என்று இருந்துவிட்டேன். இந்த வகை நோய் பத்து, பதினைந்து வருடம் கழித்துக்கூடத் திரும்பலாம் என்பதும், திரும்பும்போது பெரும்பாலும் எலும்பைத்தான் தேடிப் போகும் என்பதும் ஸ்கேன் எடுத்த பிறகு கற்றுக்கொண்ட பாடம். முதுகெலும்பில் இரண்டு இடம், இடுப்பெலும்பில் ஒன்று.

சென்னைக்குப் போனோம். மாத்திரையை விடாமல் சாப்பிட்டிருந்தாலும் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த மருத்துவர். உண்மையைச் சொன்னாரா, என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அம்மாவுக்குத் தெரிந்த விதம் வேறு. சிகிச்சைக்கு ரயிலில் போகும் புற்றுநோயாளிக்குத் தூங்கும் வசதிப் பெட்டியில் முழுச் சலுகையும், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதச் சலுகையும் உண்டு. மருத்துவமனையில் படிவம் வாங்கிவந்து, சென்னை போகும் பொதிகை ரயிலுக்கு டிக்கெட் எடுக்க நின்றேன். அம்மாவும் பக்கத்தில் நின்றார். கவுண்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "கேன்சர் பேஷண்ட் யாரு, நீங்களா, அம்மாவா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. நானும் தினம் நூறு பேரிடம் பாஸ் யாருடையது என்று சத்தமாகக் கேட்கிறவன்தான்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. நடைமேடையில் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து, "அப்படியானால் அந்த மாத்திரை இதற்குத்தானா?" என்று கேட்டார். அழுவார், என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் கேட்டது அதை மட்டும்தான்.

இப்போது முதுகுக்குக் கதிர்வீச்சு கொடுத்து வலி பெரிதும் தணிந்திருக்கிறது. எலும்புக்கு மருந்து ஏற்றுகிறார்கள். அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டிவரச் சொன்னார்கள். அந்த மருந்து போகும் காலத்தில் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடுமாம். லெட்ரோசோலுடன், நோய் அணுக்கள் பெருகாமல் தடுக்கும் பால்போசிக்லிப் என்ற மாத்திரையும் உண்டு. 2023 ஜனவரியில் அதன் காப்புரிமை முடிந்து நம் நாட்டு நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கிய பிறகு விலை வெகுவாக இறங்கியது. இல்லாவிட்டால் நடத்துநர் சம்பளத்தில் அதன் பெயரைத்தான் வாசித்துக்கொண்டு இருந்திருப்பேன்.

அதை 21 நாள் சாப்பிட்டு 7 நாள் நிறுத்த வேண்டும். என் மனைவி காலண்டரில் குறிக்கிறாள். அம்மா பூக் கட்டும் நூலில் நாளுக்கு ஒரு முடிச்சுப் போட்டுச் சாமி படத்து ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார். ஒரு மாதம் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. பட்டையில் மிச்சம் இருந்த மாத்திரையை எண்ணிப் பார்த்தோம். நூல்தான் சரி.

இந்த மாத்திரையால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும், காய்ச்சல் வந்தால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று மருத்துவர் இந்தத் தடவை அம்மாவிடமே சொன்னார். கார்த்திகையில் ஒரு விடியற்காலை என்னைத் தட்டி எழுப்பி, "உடம்பு கொதிக்கிறது, கிளம்பு" என்றவர் அம்மாதான். எட்டு மாதம் முதுகுவலியை மறைத்த அதே அம்மா! ரத்தம் எடுக்க வருகிற நர்ஸ் இடது கையைப் பிடித்தால், "அந்தக் கை வேண்டாம் தாயி, நெறிக்கட்டி எடுத்த கை, வீங்கினாலும் வீங்கும்" என்று வலது கையை நீட்டுகிறார். முதல் தடவை இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல், அதே கையில் எத்தனை ஊசி! இன்று அந்தக் கை வீங்கித்தான் இருக்கிறது. கட்டும் பூ பாதியாகக் குறைந்துவிட்டது.

அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் தொடங்கியது. எழுபது வருடம் கடந்தும் அந்தச் சொல்லை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டு, நோயை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் நோயாளியிடமே கேளுங்கள் என்கிறேன். அம்மாவிடம் நான் தாமதமாகக் கேட்டேன். "மாத்திரை எதற்கு, ஊசி எதற்கு, எங்கே பரவியிருக்கிறது, எல்லாவற்றையும் சொல். எத்தனை வருடம் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வராதே" என்றார். அதை அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கேள்வி அனுப்பிய அந்த மகளுக்கு இன்னொரு பதிலையும் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். என் பெயரைப் போட வேண்டாம். அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை. வாசித்துக் காட்டினேன், திருச்செந்தூர் மொட்டையையும் எழுதியிருக்கிறாயே என்று சிரித்தார். பணிமனையில் எல்லோரும் விசாரிப்பார்கள், எனக்குத்தான் சங்கடம்.

இப்படிக்கு,
ஒரு நடத்துநர்,
சங்கரன்கோவில்