பெரியம்மா வீட்டுக் கிணறு

அன்புள்ள சிவா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு மாதம் தாமதித்துவிட்டேன். எல்லாம் உப்புவெளிக் காணியால் வந்தது. ஆடி பிறந்த கையோடு கட்டட அனுமதி கிடைத்துவிட்டது. ஆடியில் நாட்கல் வைக்க அம்மா விடவில்லை. ஆவணிக்குள் நிலத்தையாவது துப்புரவாக்குவோம் என்று இறங்கினேன். அனுமதி ஓராண்டுக்குத்தான் செல்லும். அதைவிட அவசரம், ஐப்பசியில் மாரி பிடித்தால் மணலில் வெட்டிய கான் இடிந்து விழும். அதற்குள் அத்திவாரம் நிலமட்டத்துக்கு மேலே வந்துவிட வேண்டும்.

முதலில் நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கற்களைத் தேடினோம். நான்கில் ஒன்று பக்கத்து வேலிக்கு உள்ளே கிடந்தது. அந்தக் கதையைத் தனியாகச் சொல்கிறேன். பெண் பனையைத் தறிக்கப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். நல்லவேளை, அது குசினிச் சுவருக்கு வெளியே நிற்கிறது, பிழைத்துக்கொண்டது. ஒழுங்கைக்குள் லொறி புதையாமல் இருக்கக் கிறவல் பரப்பினோம். கச்சான் காற்று அடிக்கிற அடியில் சீமெந்துக் கொட்டிலின் தகரம் இரண்டு முறை பறந்தது.

மூலை பிடிக்க மேசன் மூன்றடி, நான்கடி, ஐந்தடி என்று நூல் கட்டினார். பரீட்சையில் நீ என்னைப் பார்த்து எழுதிய அதே பைதகரஸ்தான்.

இனி உனக்குரிய செய்தி. பின்பக்கப் பற்றையை பெக்கோ வழித்துக்கொண்டிருந்தபோது அதன் சில்லு ஒன்று திடீரென்று மணலுக்குள் இறங்கியது. சாரதி குதித்துவிட்டார். தோண்டிப் பார்த்தால் வட்டமாகக் கல்கட்டு. உடைந்த ஓடு, துருப்பிடித்த தகரம், நசுங்கிய ஈயச்சட்டி எல்லாம் போட்டு யாரோ மூடியிருக்கிறார்கள். நடுவே ஒரு இரும்புக் கப்பி, கயிறு ஓடி ஓடி ஒருபக்கம் தேய்ந்தது. உன் பெரியம்மா வீட்டுக் கிணறு, சிவா! வளவை நான்காகத் துண்டாடியதில் அது எந்தத் துண்டுக்குள் போனது என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அளவை வரைபடத்திலும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், மலசலகூடக் குழிக்குக் குறித்த இடம் அதற்குப் பத்தடி தள்ளித்தான். இடையில் 50 அடியாவது வேண்டும். வரைபடம் கீறியவர், "மண் போட்டு மூடிவிடுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார். மணல் நிலத்தில் குழி நீர் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதா? அயலில் மூன்று வீடுகள் கிணற்று நீரைத்தான் குடிக்கின்றன. பன்னிரண்டு பேர்ச்சஸ் காணியில், எல்லாக் கிணறுகளுக்கும் எட்டத்தில் ஒரு குழிக்கு இடம் தேடுவது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடக் கடினம். கடைசியில் வாசல் பக்க மூலையில் ஓரிடம் அகப்பட்டது. மனைவிக்குப் பிடிக்கவில்லை. திருத்திய வரைபடத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். நாட்கல் ஆவணிக் கடைசிக்குத் தள்ளிப்போகும் போலிருக்கிறது.

கிணற்றை இறைத்துப் பார்க்கப் போகிறேன். வாடகை மோட்டார் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறது. அது எத்தனை முழம், அடியில் கல்லா மணலா என்று பெரியம்மாவிடம் கேட்டுத் தொலைபேசியிலாவது சொல்லிவிடு. கப்பிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
குமார்