பால் பொங்கியது பற்றி அப்பா எழுதுவது

பாப்பா,

நேற்று போனில், அடுப்பில் பால் வைத்ததே மறந்துபோச்சு, வேலை டென்ஷன்ப்பா என்று சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அதனால்தான் இது.

பிளஸ் டூ அரையாண்டுப் பரீட்சை சமயம் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கோ தெரியாது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, இரண்டு கன்னமும் சிவந்து கிடந்தது, வெயில் பட்டதுதான் என்று அம்மா கற்றாழை தடவினாள். அப்புறம் ஃபேனுக்குள்ளிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதாகச் சொல்லி ஃபேனைப் போடவே விடமாட்டாய். கணக்கு விடைத்தாளில் ஒரே வரியைப் பதினோரு தடவை எழுதியிருந்தாய். அதைப் பார்த்துவிட்டுத்தான் அறைந்தேன். படிக்காமல் நடிக்கிறாய் என்று நினைத்தேன். பெரியப்பா சொன்னார் என்று, மனக்கோளாறு தீர வேண்டிக்கொள்ளும் குணசீலம் கோயிலுக்குப் போகப் பையெல்லாம் கட்டியாயிற்று, கிளம்புகிற காலையில் உனக்கு வலிப்பு வந்தது.

சிறுநீரில் புரதம், ரத்தத்தில் சி3, சி4 என்ற எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் இரண்டும் குறைவு, உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஏஎன்ஏ டெஸ்ட் பாசிட்டிவ். லூபஸ் என்றார்கள், எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்குகிற நோயாம். மூளை ஸ்கேன் நார்மல் என்றதும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன், டாக்டரோ ஸ்கேன் நன்றாக இருந்தாலும் லூபஸ் மூளையைத் தொட்டிருக்கலாம் என்றார். மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அந்த ராத்திரிகளில் நீ விடிய விடியப் பேசினாய். ஸ்டீராய்டே மனதைக் கலைக்குமாம், இது நோயா மருந்தா என்று பிரிப்பது அவர்களுக்கே பெரும்பாடாக இருந்தது.

மூளையையும் நரம்பையும் லூபஸ் படுத்தும் விதங்களை 1999-இல் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர்கள் 19 வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வலிப்பு, காதில் குரல் கேட்பதோடு, மனச்சோர்வும் மறதியும்கூட அதில் உண்டு. பால் பொங்கினதெல்லாம் லூபஸ் என்று சொல்லவரவில்லை, எனக்கும்தான் மறக்கிறது. டென்ஷனாகவே இருக்கட்டும், ஆனால் அதை டாக்டர் சொல்லட்டும், நீயாக முடிவு பண்ணாதே.

லூபஸுக்குக் கொடுத்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையைச் சாப்பிட்டால் கண் போய்விடும் என்று எதையோ படித்துவிட்டு ஒரு தடவை நீயாக நிறுத்தினாயே, அது மட்டும் இனி வேண்டாம். கண்ணுக்குத்தான் வருஷா வருஷம் டெஸ்ட் இருக்கிறதே. இந்த வருஷத்துக்கு எடுத்தாயா?

அன்றைக்கு நான் உன்னை அறைந்ததைப் பற்றி நீ இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. தப்பு என்னுடையதுதான் பாப்பா. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருகிறேன், சனிக்கிழமை காலையில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவோம். பழைய ஃபைலைத் தேடி எடுத்து வை.

அப்பா